மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் நான் சொன்ன பேரு

அய்யாவுக்கு அம்மா எழுதுறது.

ஞாயித்துக்கிழமை நீ போன்ல கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம இருந்துட்டேன். ஸ்கேன்ல ஆம்பளப் புள்ளைன்னு சொல்லிட்டாங்கம்மா, இங்க சொல்லுவாங்க, அதுல தப்பில்லன்னு சிரிச்சாய். பொறவு குரலை இறக்கி, "அப்பா பேரையே வச்சிருவோமாம்மா?"ன்னு கேட்டாய். லைன் போயிருச்சோன்னு ரெண்டு தரம் அலோ அலோன்னாய். கடைசியில, "சரிம்மா, உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம், வேற பேரு பார்ப்போம்"னு வச்சிட்டாய். எனக்கு அந்தப் பேரு கஷ்டமில்லய்யா. ஆனா அதை வைன்னு சொல்றதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வாயில வராதது கையில வருமான்னு பாக்கேன். நைட்டிக்கு அளவு குறிக்கிற நோட்டுல தாளைக் கிழிச்சு எழுதுறேன். மம்சாபுரத்துல அஞ்சாப்பு வரைக்கும் படிச்ச எழுத்து, எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கோ. எழுதி முடிச்சு போட்டோ பிடிச்சு உன் போனுக்கு அனுப்புறேன். பிரியாவும் வாசிக்கட்டும். உங்க சித்தப்பா, அத்தை எல்லாருக்கும் நீ காட்டினாலும் எனக்குச் சம்மதந்தான்.

வைகாசியில நான் பிளேன் ஏறி உன் வீட்டுக்கு வந்திருந்தப்ப ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாயே, மலைக்குக் கீழ, அரண்மனை மாதிரி ஒரு பெரிய வீட்டுக்குப் பக்கத்துல. அந்த ஊர் பேரை நீ நாலு தரம் சொல்லியும் எனக்குப் பிடிபடல. பலகையில நீளமா எழுதியிருக்கேய்யான்னேன். "அதுல பாதி எழுத்தைச் சொல்ல மாட்டாங்கம்மா, எழுத மட்டும் செய்வாங்க"ன்னாய். வாயில வராத எழுத்தை எதுக்கு எழுதி வச்சிருக்காகன்னு கேட்டேன். நீ அதுக்கும் சிரிச்சாய். எனக்கு மட்டும் அது மனசுக்குள்ள நின்னுக்கிச்சு. ஏன்னு பொறவு சொல்றேன்.

நீ அங்க மலைன்னு காட்டினதை நான் மலைன்னு ஒத்துக்கவே இல்ல. நம்ம வீட்டு மாடியில நின்னு மேக்க பாத்தா தெரியுதே, அது மலை. அங்க இருக்கிறது பச்சைத் துணியை உதறி விரிச்ச மாதிரி ஒரு மேடு, அதுமேல செம்மறியாடு. ஆட்டு முதுகுல எல்லாம் நீலச் சாயம். உங்க அப்பா கூட வந்திருந்தா, "இது என்னட்டி, மலைக்குத் தலை சீவி விட்டிருக்காக?"ன்னு கேட்டிருப்பாக. அய்யனார் கோவில் அருவிக்கு நீ சின்னப் புள்ளையா இருக்கும்போது போனோமே, அந்தப் பாறையும் வழுக்கலும் அங்க கிடையாது. ஆனா அழகு அழகுதான், இல்லன்னு சொல்ல முடியாது. கல்லுல கட்டின வீடு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. எல்லா வாசல்லயும் ரோசாப்பூ, பறிக்க ஆளே இல்ல. எனக்குக் கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அங்க வச்சுத்தான் அந்தக் கதையைச் சொன்னாய். முந்தி ஒரு காலத்துல பெரிய வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தா ஊரு கண்ணுல படுதுன்னு, ஊரையே பிரிச்சு மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்ட வச்சிட்டாருன்னு.

"ஏலே, ஊரென்ன தையல் மிசினா, வெளிச்சம் பத்தலன்னு நகட்டிப் போட?"

"நிசமாம்மா. ஒரே ஒரு வீடு மட்டும் பழைய இடத்துலயே நின்னுருச்சு பாரு."

"அவன் மட்டும் ஏன் போகல?"

"தெரியல. ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க."

"ஊரு பேரு?"

"பேரு அதேதாம்மா. வீட்டைத்தான் மாத்தினாங்க, பேரைக் கூடவே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

புல்லுக்கு நடுவுல அந்த ஒத்தை வீடு நின்னதைப் பார்த்து, பாவம் தனியா நிக்குதுன்னு சொன்னாய். சொல்லிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாய். நான் ராஜபாளையத்துல தனியா இருக்கேன்னு உனக்கு எப்பவும் ஒரு கவலை. எனக்கு அந்த வீட்டைப் பார்த்தாப் பாவமாத் தோணலய்யா. சுத்திலும் புல்லு, எதுக்க மேடு, ஆடு, எல்லாமே அதுக்குன்னே இருக்கிற மாதிரி இருந்துச்சு. காலையில மில்லு சங்கு ஊதும்போது எந்திரிச்சு, காபியைக் குடிச்சிட்டு மிசின்ல உக்காந்தா தளவாய்புரத்துக்காரர் நைட்டி எடுக்க வர்றதுக்குள்ள பொழுது போயிருது. அழுகை வர்ற நேரம் வரத்தான் செய்யுது. வந்துட்டுப் போயிருது. என்னைப் பத்தி நீ ரொம்ப வருத்தப்படாத.

அதுக்குப் பொறவு பெரிய வீட்டுக்குள்ள போனோம். வாசப்படியில நான் செருப்பைக் கழட்டிட்டேன், நீ ஓடிவந்து "போட்டுக்கோம்மா, கோயில் இல்ல"ன்னாய். மேல பார்த்தா விதானம் முழுக்கத் துணியில்லாத சாமிகளா வரைஞ்சு வச்சிருந்தாக, அப்ப நான் செருப்பைப் போட்டதே சரின்னு நினைச்சுக்கிட்டேன். கீழ அடுக்களைக்குப் போற நடையில ஒரு சுவர் பூரா வரிசையா மணி தொங்குச்சு. ஒவ்வொரு மணிக்குக் கீழயும் ஒரு எழுத்து. அது வேலைக்காரங்க பேரான்னு கேட்டேன். இல்லம்மா, அறையோட பேரு, எந்த மணி அடிக்குதோ அந்த அறைக்கு ஓடணும், ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லன்னாய். நான் அந்த மணிக்குக் கீழயே செத்த நேரம் நின்னேன். கால் வலிக்குதான்னு கேட்டாய். கால் வலி இல்ல. உங்க அப்பாவை நான் எப்படிக் கூப்பிடுவேன்னு ஞாபகம் வந்துச்சு. அடுப்படி மேடையில டம்ளரை ரெண்டு தட்டு தட்டுவேன். ஒரு தட்டுன்னா காபி, ரெண்டு தட்டுன்னா சோறு, தொடர்ந்து தட்டினா உடனே வரணும், பாம்பு இல்லன்னா கடன்காரன். எங்க வீட்டுல இருந்ததும் மணிதான்.

நான் உங்க அப்பா பேரை வாயால சொன்னதே கிடையாது, அது உனக்குத் தெரியும். சொன்னா அவுக ஆயுசு குறையும்னு எங்க அம்மா கல்யாணத்தன்னைக்குச் சொல்லி விட்டா. அந்தப் பேரு வேற சாதாரணப் பேரா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்கு மாப்பிள்ளையா நிக்கிற பெருமாள் பேரு. ஊரே சொல்ற பேரு, எனக்கு மட்டும் கிடையாது. சாமி கும்பிடும்போதுகூட 'ஆண்டாள் மாப்பிள்ளையே காப்பாத்து'ன்னுதான் கும்பிடுவேன். உங்க அப்பா பக்கத்துல நின்னு, "யாரைக் கும்பிடுத? பேரைச் சொல்லு, அந்தாளுக்குக் கேக்கணும்ல"ன்னு காதுக்குள்ள சீண்டுவாக. மாமனார் பேரும் சொல்லக்கூடாது. அந்தப் பேரைத்தான் உனக்கு வச்சாக. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது பெரிய டீச்சர், "பையன் பேரென்னம்மா?"ன்னு கேக்க, "நீயே சொல்லுய்யா"ன்னு உன்னைத்தான் முன்னால தள்ளினேன். நீ அய்யாவாவும் தம்பியாவும் ராசாவாவும் வளந்தது அப்படித்தான்.

பிரியா கல்யாணமாகி வந்த புதுசுல, கூடத்துல இருந்துக்கிட்டு உன்னைப் பேர் சொல்லி, "குப்பையை வெளிய வச்சியா?"ன்னு கூப்பிட்டா. எனக்குக் கையில இருந்த கரண்டி நழுவிருச்சு. உங்க அப்பா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக: "பார்த்தியா, எங்க அய்யாவை இந்த வீட்டுல யாரும் ஒரு வேலை ஏவினதில்ல. உன் மருமக வந்த வேகத்துல குப்பை அள்ள விட்டுட்டா!" நான் அன்னைக்கு அவகூட ரெண்டு நாள் சரியாப் பேசல. அது என் தப்பு. அவ வாசிச்சா வாசிக்கட்டும்.

பெரிய வீட்டைப் பார்த்துட்டு ஆத்தங்கரை பெஞ்சுல உக்காந்து, நான் கட்டிட்டு வந்த புளிச்சோறைச் சாப்பிட்டோம். அங்க வச்சு நீ மறுபடியும் அதைச் சொன்னாய். "அன்னைக்குச் சாயந்தரமே கிளம்பியிருந்தா அப்பாவைப் பாத்திருப்பேன்மா." நான் ஆட்டைப் பார்க்கிற மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ அதைச் சொல்லும்போது நான் எதையாவது பார்க்கப் போயிருவேன். திவசத்தன்னைக்கு அடுப்பைப் பார்த்தேன்.

பொறவு மேடேறி ஊருக்குள்ள இருந்த சர்ச்சுக்குப் போனோம். உள்ள குளிர்ச்சியா, ஆளில்லாம, ஒரு வயசான அம்மா மட்டும் பூ அடுக்கிட்டு இருந்தாக. ஓரமா ஒரு பலகையில சின்னச் சின்னத் தாளாக் குத்தியிருந்துச்சு. செத்துப்போனவங்க பேரை எழுதி வச்சா ஞாயித்துக்கிழமை எல்லாரும் கேக்கிற மாதிரி சத்தமா வாசிச்சுக் கும்பிடுவாங்கன்னு சொன்னாய். சொல்லிட்டு இருக்கும்போதே பிரியா போன் பண்ணினா, பேசிட்டு வாரேன்னு வெளிய போயிட்டாய். நான் தாளையும் பென்சிலையும் எடுத்துட்டேன். எழுதறதுக்குத் தடையில்ல, வாய்க்குத்தானே தடை. ஆனா கை ஓடல. ஏன் ஓடலன்னு இப்பச் சொல்லிருதேன், இதுக்குத்தான் இம்புட்டும் எழுதினேன்.

அன்னைக்கு மத்தியானம் உங்க அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்ததும் ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவுகளைச் சக்கர நாற்காலியில உள்ள தள்ளிட்டுப் போயிட்டாக. சீட்டு எழுதுற பொண்ணு, "பேஷண்ட் பேரு சொல்லுங்கம்மா"ன்னுச்சு. ஆதார் கார்டை எடுக்காம ஓடி வந்திருக்கேன். "ஆண்டாள் மாப்பிள்ளை பேரும்மா"ன்னேன். "என்னதும்மா?" "ஆண்டாள்... ஆண்டாள் மாப்பிள்ளை..." அது வெளியூர்ப் பொண்ணு போல. எனக்குப் பின்னால நாலஞ்சு பேரு நின்னு அவசரப்படுத்துறாக. "ஆண்டாளா? சரி சரி, வயசு?"ன்னு கேட்டு கம்ப்யூட்டர்ல தட்டிருச்சு. தப்பாப் போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு பேனாவைக் கேட்டு எழுதிக் காட்டியிருக்கலாம். அந்த நேரம் எனக்கு எழுதத் தெரியும்கிறதே மறந்துபோச்சுய்யா. பொறவு சொல்லி மாத்திக்கலாம், முதல்ல வைத்தியம் பாக்கட்டும்னு உள்ள ஓடிட்டேன். மாத்தவும் இல்ல.

சாயந்தரம் நீ கூப்பிட்டாய். நீ பதறுவியேன்னு, வாயுக்கோளாறு, ஊசி போட்டிருக்காகன்னேன். நீ நம்பல. ஆஸ்பத்திரி பேரை மட்டும் கேட்டு வாங்கிட்டு அங்கேயே போன் போட்டிருக்காய். உங்க அப்பா பேரைச் சொல்லிக் கேட்டிருக்காய். அந்தப் பேருல யாரும் சேரலன்னு சொல்லிட்டாக. சரி, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க போலன்னு நீயும் இருந்துட்டாய். என் போன்லயும் சார்ஜ் இல்ல. மறுநாள் காலையில டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்ன பொறவுதான் உனக்குச் சொன்னேன். அன்னைக்குப் பூராவும் உங்க அப்பா நல்லாத்தான் பேசினாக. கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "தம்பி எதுவரை வாரான்?"னு கேட்டாக. நீ மதுரையில வந்து இறங்க மூணு மணி நேரம் இருக்கும்போது போயிட்டாக. நீ முதல் நாள் சாயந்தரமே கிளம்பியிருந்தா முகத்தைப் பார்த்திருப்பாய்.

அவுக உடம்பை வாங்கப் போனப்ப நீ அந்தப் பொண்ணைப் பிடிச்சுக் கத்தினாய். "எங்க அப்பா உள்ள உசிரோட படுத்திருக்கும்போது அப்படி ஆளே இல்லன்னு எப்படிச் சொன்னீங்க?" அது கம்ப்யூட்டரைப் பாக்குது, என்னைப் பாக்குது, அழுகுது. நான் மஞ்சப்பையோட உனக்கு ரெண்டு எட்டு பின்னால நின்னேன். நான்தான் சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ விட்டிருப்பாய். சொல்லல. அன்னையில இருந்து நீ ஆஸ்பத்திரியைத் திட்டுத, இல்லன்னா உன்னையே திட்டுத. உன்மேல தப்பே இல்லய்யா. கேட்டாய், சரியான பேரைச் சொல்லித்தான் கேட்டாய். நான்தான் அந்தப் பேரை அங்க கொடுக்கல. ஆயுசு குறைஞ்சிரும்னு முப்பத்தெட்டு வருசம் வாய்க்குள்ளயே பொத்தி வச்சேன். பொத்தி வச்சதுல அவுக ஆயுசு ஒரு நாளும் கூடல, உனக்குக் கடைசி முகம் இல்லாமப் போச்சு. போன திங்கக்கிழமை அந்தப் பொண்ணைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்யாணமாகி வேலையை விட்டுட்டுப் போயிருச்சாம், எந்த ஊருன்னு தெரியலன்னுட்டாக. அதுகிட்ட மன்னிப்புக் கேக்காதது எனக்கு மிச்சம்.

இதெல்லாந்தான் அந்த சர்ச்சுல பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது நெஞ்சுல ஓடுச்சு. ஆனாலும் எழுதினேன். ரெங்கமன்னார், ராஜபாளையம்னு தமிழ்ல நிறுத்தி எழுதிக் குத்தப் போனேன். பூ அடுக்கின அம்மா கிட்ட வந்து தாளை வாங்கிப் பார்த்தாக. இப்படித் திருப்பினாக, அப்படித் திருப்பினாக. தாளுமேல விரலை வச்சு, அதே விரலைத் தன் உதட்டுல வச்சு, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாக. எனக்கு விளங்கிருச்சு. ஞாயித்துக்கிழமை வாசிக்கணுமே, இதை எப்படிச் சொல்லணும்னு கேக்காக.

வாசலைப் பார்த்தேன். நீ கல்லறைகளுக்கு நடுவுல முதுகைக் காட்டிட்டு போன் பேசிட்டு இருந்தாய். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், "நீயே சொல்லுய்யா"ன்னு பழையபடி முன்னால தள்ளியிருக்கலாம். ஆஸ்பத்திரிப் பொண்ணு மாதிரியே ஒரு ஆளு எதுக்க நின்னு பேரைக் கேக்குது. இன்னைக்கும் சொல்லலன்னா இங்கயும் அவுக பேருல யாரும் இல்லன்னு ஆயிரும்னு தோணுச்சு. தொண்டையை ஒருதரம் செருமிட்டு, "ரெங்கமன்னார்"னு சொன்னேன். என் காதுல என் சத்தம் விழுந்துச்சு. இடி விழல. அந்த அம்மா பூத்தொட்டியைக் கீழ வச்சிட்டு, "ரெங்கா... மேனர்?"னாக. "ரெங்க-மன்-னார்"னேன். "மேனர்! மேனர்!"னு சிரிச்சுக்கிட்டே, ஜன்னலுக்கு வெளிய அந்தப் பெரிய வீடு இருக்கிற திசையைக் கை காட்டினாக. என்னமோ நல்லதாத்தான் சொல்றாகன்னு தெரிஞ்சுது. நான் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். என் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ள வச்சுக்கிட்டாக. பையில இருந்த பால்கோவாப் பொட்டலத்தை அவுகளுக்குக் கொடுத்தேன். உங்க ஆபீஸ்காரருக்குன்னு எடுத்து வச்சிருந்ததுதான். எங்க போச்சுன்னு தேடினாயே, அங்கதான் போச்சு.

திரும்பி வரும்போது கார்ல, "மேனர்னா என்னய்யா?"ன்னு கேட்டேன். "பெரிய பண்ணை வீடும்மா, ஜமீன் வீடு மாதிரி. ஏன்?"னு கேட்டாய். சும்மான்னுட்டேன். உங்க அப்பா காதுல விழுந்திருந்தா, "மில்லுல பிட்டரா இருந்த எனக்கு வெள்ளைக்காரி அரண்மனையே எழுதி வச்சிட்டா"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாக. அன்னைக்கு வழிநெடுக நான் தன்னால சிரிச்சுக்கிட்டு வந்தேன். நீ கண்ணாடி வழியாப் பார்த்து, அம்மாவுக்கு ஊரு பிடிச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டாய். பிடிச்சுத்தான் இருந்துச்சு.

அப்பவே உன்கிட்ட சொல்லியிருக்கலாம். ஏழு மாசம் ஆக்கிட்டேன். என்மேல கோவப்படு, அது சரிதான். ஆனா உன்மேல கோவப்படுறதை இன்னையோட விட்டிரு. அதுவும் போக ஒண்ணு கேட்டுக்கிறேன். உடம்புக்கு முடியலன்னா வாயுக்கோளாறுன்னு மறைக்கிற என் புத்தி உனக்கும் இருக்கு. அந்தப் புத்தியைப் பிரியாகிட்ட காட்டாத. அவ உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும், ஆயிரம் தரம் கூப்பிடட்டும். எந்த ஆஸ்பத்திரி வாசல்ல கேட்டாலும் அவ டக்குன்னு சொல்லிருவா. எங்க சம்பந்தி அவ பேறுகாலம் பாக்க அங்க வரும்போது வடகமும், பத்தியத்துக்குக் காயப்பொடியும் கொடுத்து விடுறேன். நான் சித்திரையில வாரேன். அந்த ஊருக்கு மறுபடி கூட்டிட்டுப் போ, அந்த அம்மா இருந்தா பார்க்கணும்.

புள்ளைக்கு அந்தப் பேரையே வை.

எனக்குப் பழக்கம் வேணும்னு நேத்து மத்தியானம் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியில நின்னு, டம்ளரைத் தட்டாம, கூடத்தைப் பார்த்துச் சத்தமா, "ஏலே ரெங்கமன்னார்! சாப்பிட வா!"ன்னேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார லட்சுமி கையில மாவோட ஓடி வந்துட்டா.

"வதினா, என்னாச்சு? அண்ணய்யா பேரைச் சொல்லிக் கூப்பிடுதீங்க, அதுவும் ஏலேன்னு?"

"உங்க அண்ணய்யாவை இல்லட்டி. என் பேரனைக் கூப்பிட்டேன்."

அவ என்னையும் பார்த்தா, காலியாக் கிடந்த கூடத்தையும் பார்த்தா. பொறவு மாவுக் கையோட வாசல்ல உக்காந்து, "இன்னொரு தரம் கூப்பிடுங்க, கேக்க நல்லாயிருக்கு"ன்னா. கூப்பிட்டேன்.

அடுத்து உன் பேரு இருக்கு. அதையும் பழகிருவேன், ஒண்ணொண்ணா வாரேன். அதுவரைக்கும் நீ எனக்கு அய்யாதான்.

அம்மா